ஆவணிக்குள் முடிவாக வேண்டும்

ஜூலை 17, வியாழன். ஆடி 1

கடைக்கு ஒருத்தரும் வரவில்லை. நிம்மதி. பத்து மணிக்கே ரூம் அனல். சிபியு பக்கம் காலை நீட்ட முடியவில்லை. ஆனி முகூர்த்தத்தில் எடுத்த கல்யாணங்கள் பாக்கி நிற்கின்றன. எல்லா வீட்டிலிருந்தும் போன். "ஆல்பம் எப்பம்மா?" ஆடிக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும்.

வலது மணிக்கட்டு மறுபடி. கட்டை விரலுக்குக் கீழே, மவுஸ் உட்காருகிற இடம்.

தம்பியும் மறுபடி. "ஆவணிக்குள்ள முடிவு பண்ணுக்கா. எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடலாம். நீ வீட்லேந்தே பண்ணலாம், நான் மண்டபத்துலேந்தே பண்ணலாம்." பதில் சொல்லவில்லை. 4 டிபி டிஸ்க் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது. புது டிஸ்க் வாங்குவதா, மாதா மாதம் கட்டுவதா என்று அவன் கேட்கிறான். எனக்குள் ஓடுவது வேறு. படம் யார் வீட்டில் இருக்கும்?

ஜூலை 19, சனி

கணக்குப் போட்டேன். ஒரு கல்யாணம். இரண்டு கேமரா, சாயங்காலம் ரிசப்ஷன், காலையில் முகூர்த்தம். 4,000 ரா ஃபைல். ஒன்று 30 எம்பி. ஆக 120 ஜிபி. நம் லைனில் அப்லோடு 20 எம்பிபிஎஸ் வந்தால் பெரிது. அப்படியே நிற்காமல் வந்தாலும் 48,000 நொடி. 13 மணி நேரத்துக்கு மேல், ஒரே கல்யாணத்துக்கு. 1 டிபி பிளான் எட்டுக் கல்யாணத்தில் நிரம்பிவிடும். ஆவணியில் அடுத்தடுத்து முகூர்த்தம் வந்தால் முதல் கல்யாணம் ஏறி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

தம்பியிடம் காட்டினேன். "ராத்திரி போட்டுட்டுத் தூங்கிடலாம்." ராத்திரி கரண்ட் போனால்? யுபிஎஸ் கம்ப்யூட்டருக்குத்தான், மோடத்துக்கு இல்லை. "அதுக்கும் ஒண்ணு வாங்கிடலாம்." எது சொன்னாலும் வாங்கிடலாம்.

நாங்கள் இருப்பது பழைய 20 ஜிபி போட்டோகிராபி பிளான். 2025 ஜனவரியோடு புதிதாகச் சேருகிறவர்களுக்கு அடோபி அதை நிறுத்திவிட்டது. விட்டால் திரும்பக் கிடைக்காது. லைட்ரூம் கிளாசிக், போட்டோஷாப் இரண்டும் அதில்தான். அதை விடக் கூடாது. இது மட்டும் நிச்சயம்.

சாயங்காலம் தலைவலி. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அரக்கு.

காலையிலிருந்து ஒரே புடவை. திருபுவனம் பட்டு, அரக்கு உடம்பு, மாம்பழ மஞ்சள் பார்டர். மேடைக்கு மேல் ஊதா எல்இடி போட்டிருக்கிறார்கள். கேமராவில் அரக்கு ரத்தச் சிவப்பாகி, மடிப்பே இல்லாமல் ஒரே திட்டாக நிற்கிறது. கலர் மிக்ஸரில் சிவப்பை நகர்த்தினால் குங்குமமும் கூடவே நகர்கிறது. உதடு பழுப்படிக்கிறது. மாஸ்க் போட்டுப் புடவையை மட்டும் பிரித்தேன். ஹ்யூ கொஞ்சம் ஊதாப் பக்கம். சாச்சுரேஷன் மைனஸ் 18. ஹைலைட்டை இறக்கினேன். மடிப்பு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. தோளில் ஜரிகைப் பூ தனியாக எழுந்து நின்றது. அந்த நேரம் மணிக்கட்டு வலி ஞாபகமே இல்லை.

தம்பி அதே படத்தைத் தன் போனில் திறந்தான். அங்கே மறுபடி சிவப்பு. என் மானிட்டர் கேலிப்ரேட் பண்ணியது. அவன் போன் எல்லாக் கலரையும் தூக்கிக் காட்டுகிற போன். ஆனால் கல்யாண வீட்டிலும் முதலில் போனில்தான் பார்க்கப் போகிறார்கள். லேபுக்குப் போகிற 12×36 ஷீட்டுக்கு என் மானிட்டர்தான் கணக்கு. அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். 29, தஞ்சாவூர். முதலில் வலது கண். நான்தான் கூடப் போக வேண்டும். சித்தி வீட்டில் தங்கல். அத்தனை நாள் வேலையும் நிற்கும்.

அந்தக் கண். நெகட்டிவை வெளிச்சத்துக்கு மேல் வைத்து, பென்சிலை முள்ளாகச் சீவி, முகத்து அம்மைத் தழும்பை ஒவ்வொன்றாக மூடிய கண். கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்டருக்கு மஞ்சள், கன்னத்துக்கு ரோஸ் என்று பஞ்சால் ஒற்றிக் கலர் போட்டவள் அம்மா. படத்துக்குப் பின்னால் குத்திய முத்திரையில் அப்பா பெயர் மட்டும்.

தம்பி: "இதுக்குத்தாங்க்கா சொல்றேன். டேப்லெட்ட எடுத்துட்டுப் போ. அங்க உக்காந்தே பண்ணு." சுள்ளென்று கோபம் வந்தது. அவன் சொன்னது சரி. அதனால்தான் கோபம்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

தம்பி பகவத் படித்துறைக்குப் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் முடித்துவிட்டு வந்தான். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறதாம். கடை மூடல். எனக்கு இருப்புக் கொள்ளாமல் மாடி பீரோவைத் திறந்தேன். 1992 மகாமகம். 2004 மகாமகம். கவர் மேல் அப்பா கையெழுத்து. திறந்ததும் காடி வாடை. பிலிம் கெட ஆரம்பித்தால் வருகிற வாடை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

2016 மகாமகம் நான் எடுத்தது. டிஸ்கில் இருக்கிறது. கெட்டுப்போனால் வாடை கூட வராது.

பயமாக இருக்கிறது. தம்பி கிளவுடு கிளவுடு என்பது இந்தப் பயத்தில்தானோ? அவன் சொல்வதில்லை.

ஜூலை 25, வெள்ளி

பழைய கம்ப்யூட்டரைப் போட்டேன். லைட்ரூம் 6 திறந்தது. 2015ல் வந்தது, ஒரே தடவை காசு கொடுத்து வாங்கியது. அதற்குப் பிறகு அப்படி வாங்குகிற லைட்ரூம் வரவே இல்லை. 2017 அக்டோபரில் கம்ப்யூட்டரில் இருப்பது கிளாசிக், கிளவுடில் இருப்பது வெறும் லைட்ரூம் என்று பிரித்தார்கள். இரண்டுக்கும் சந்தா.

மகாமகக் கேட்டலாக் திறந்தது. குளக்கரைத் தலைகள். ஒரு பாட்டி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளுகிறாள். ஸ்லைடர்கள் நான் விட்ட இடத்திலேயே நிற்கின்றன. அப்போது வைப்ரன்ஸை எவ்வளவு ஏற்றியிருக்கிறேன். இப்போது அவ்வளவு ஏற்றமாட்டேன்.

மேப் பக்கம் மட்டும் 2018 நவம்பரோடு நின்றது. கூகுள் மேப்பை நம்பி இருந்த பக்கம் அது. புதுக் கேமரா ராவும் திறக்காது. டிஎன்ஜியாக மாற்றிக் கொடுத்தால் திறக்கும். அதே கம்ப்யூட்டரில் பிகாசா. 2016லேயே கூகுள் கைவிட்டது. கிளிக் பண்ணினேன், வந்தது. கைவிட்டவர்கள் வந்து பிடுங்கிக்கொண்டு போக முடியவில்லை.

பிடித்திருந்தது. ஆனால் இதை வைத்து ஆவணி சீசனை ஓட்ட முடியாது. ஒரு படம் எக்ஸ்போர்ட் ஆகிற நேரத்தில் காப்பி போட்டுக் குடித்துவிடலாம்.

"முடிவு பண்ணியாச்சா?" இல்லை.

ஜூலை 26, சனி

கிளாசிக்கில் மாற்றங்களை எக்ஸ்எம்பி ஃபைலில் எழுது என்கிற டிக்கைப் போட்டு வைத்திருக்கிறேன். இன்று ஒன்றை நோட்பேடில் திறந்து பார்த்தேன். அரக்குப் புடவைப் படம். எக்ஸ்போஷர்2012, பக்கத்தில் +0.35. டெம்பரேச்சர் 4350. கிராப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நாலு எண். கீழே மாஸ்க். அவ்வளவுதான். காலை முழுக்க உட்கார்ந்து பண்ணின வேலை சில கேபி எழுத்து.

ராவைத் தொடவே இல்லை. அது எடுத்தபடியே இருக்கிறது. என் வேலை பக்கத்தில் ஒரு சீட்டில் இருக்கிறது. ரா ஒன்று, சீட்டு ஒன்று, இரண்டும் என் டிஸ்கில். கிளவுடு லைட்ரூமில் ரா அவர்கள் சர்வரில், சீட்டும் அங்கேயே. சந்தா நின்றால் ஒரிஜினலை ஒரு வருஷம் வைத்திருப்பார்கள், அதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். கிளாசிக்கில் சந்தா நின்றால் டெவலப் பக்கம் பூட்டிக்கொள்ளும். லைப்ரரி திறக்கும், படத்தை எக்ஸ்போர்ட் பண்ணிக்கொள்ளலாம்.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். தூங்கிவிட்டார்.

ஜூலை 28, திங்கள். தஞ்சாவூர்

சித்தி வீடு. அம்மா பஸ்ஸில் ஜன்னல் சீட், ஒன்றும் பேசவில்லை. பயம்.

கிளம்புவதற்கு முன் கிளாசிக்கில் ஒரு கல்யாணத்தை மட்டும் சின்க் போட்டேன். முழு ரா போகாது, ஸ்மார்ட் பிரிவ்யூ மட்டும் போகும். நீளப் பக்கம் 2,560 பிக்சல், ஒன்று ஒன்றிரண்டு எம்பிதான். 20 ஜிபி கணக்கிலும் வராது. காலைச் சமையல் முடிவதற்குள் ஏறிவிட்டது. இப்போது டேப்லெட்டில் அத்தனையும் இருக்கிறது.

சித்தி வீட்டு மொட்டை மாடி. காற்று. விரலால் தள்ளித் தள்ளி செலக்ஷன். மணிக்கட்டு வலிக்கவே இல்லை. பிடித்திருக்கிறது. தம்பியிடம் சொல்ல மாட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

உள்ளே கூட்டிப்போனார்கள். அரை மணி என்றார்கள். காரிடாரில் பிளாஸ்டிக் நாற்காலி, முதுகு ஒட்டிக்கொள்கிறது. சும்மா இருக்க முடியவில்லை. டேப்லெட்டை எடுத்தேன். மாங்கல்யதாரணம் வரிசை. தாலி முடிச்சு, நாத்தனார் விரல், மாப்பிள்ளை நெற்றியில் வியர்வை. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், அடுத்தது, அடுத்தது. கை தானாக ஓடியது. பக்கத்தில் ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "ஒங்க பொண்ணு கல்யாணமா?" இல்லைம்மா, வேலை.

அம்மா கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். "வலிக்கல. பசிக்குது."

தம்பிதான் சரி. கிளவுடு இல்லாமல் இன்றைய பொழுது ஓடியிருக்காது.

ஜூலை 30, புதன்

கட்டைப் பிரித்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் புடவையைப் பிடித்து, "இது கருநீலமா? கறுப்புன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்." சித்தி வீட்டுச் சுவர் வெள்ளை என்று நம்பவே மாட்டேன் என்கிறாள். ஒரு கண்ணை மூடுகிறாள், அடுத்ததை மூடுகிறாள். "இந்தக் கண்ல எல்லாம் காப்பித் தண்ணி மாதிரி. இந்தக் கண்ல நிலா வெளிச்சம்."

டேப்லெட்டைக் காட்டினேன். அரக்குப் புடவைப் பெண். இடது கண்ணால் பார்த்து, "நல்லாருக்கு." வலது கண்ணால் பார்த்து, "பொண்ணு வெளுத்துப் போயிருக்காளே. ரத்தமே இல்ல. கொஞ்சம் மஞ்சள் வைடீ." டெம்பரேச்சரை 4350லிருந்து 4700க்கு நகர்த்தினேன். "ம். அங்க நிறுத்து."

எத்தனையோ வருஷம் கழித்து அம்மா ஒரு படத்துக்குக் கலர் சொல்கிறாள். ராத்திரி தூக்கம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஏன் அழுகை வருகிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி. கும்பகோணம்

வந்ததும் வராததுமாக கம்ப்யூட்டர். டேப்லெட்டில் பண்ணினதெல்லாம் கிளாசிக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது, நாலு ஸ்டார், ஐந்து ஸ்டார் எல்லாம் சேர்த்து. அழகு.

நூறு சதவீதத்தில் பெரிதாக்கினேன். ஐந்து ஸ்டார் கொடுத்த சிலதில் ஃபோகஸ் கண்ணில் இல்லை, மூக்குத்தியில் இருக்கிறது. 2,560 பிக்சலில் அது தெரிய வழியே இல்லை. 36 அங்குல ஷீட்டில் தெரியும். அந்த அளவுக்கு மறுபடி எல்லாவற்றையும் ஒரு ஓட்டம் பார்க்க வேண்டும். பார்த்தேன். மணிக்கட்டு திரும்ப வந்துவிட்டது.

அம்மா சொன்ன 4700 என் மானிட்டரில் கொஞ்சம் அதிகம். 4550ல் வைத்தேன். பிறகு திரும்ப 4600.

தம்பியிடம் டேப்லெட் பற்றிச் சொல்லவில்லை. அவனே பார்த்துவிட்டான். சிரித்துக்கொண்டே போனான். எரிச்சல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

படித்துறைக்குப் போனோம். சித்ரான்னம், காதோலை கருகமணி. புது மஞ்சள் கயிறு. என் சின்னவள் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றாள். அம்மா கறுப்புக் கண்ணாடி, வீட்டிலேயே.

இன்று வேலையைப் பற்றி நினைக்கவில்லை. ஒரு தடவை மட்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தெருவில் பள்ளம் தோண்டி கேபிளை அறுத்துவிட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து நெட் இல்லை. தம்பிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எனக்கு ஒன்றும் நிற்கவில்லை. ரா டிஸ்கில். கேட்டலாக் டிஸ்கில். ஏஐ டினாய்ஸ் நம் கிராபிக்ஸ் கார்டிலேயே ஓடுகிறது. பந்தி ஹாலில் எடுத்த இருட்டுப் படங்களைக் கொடுத்துவிட்டு இன்னொரு வேலை பார்த்தேன். சாம்பார் வாளியின் விளிம்பு வரைக்கும் சுத்தமாக வந்தது. ஆளைப் பிரிக்கிற மாஸ்க்கும் ஓடியது.

ஓடாதது ஒன்று, ஜெனரேட்டிவ் ரிமூவ். அது அவர்கள் சர்வருக்குப் போய் வர வேண்டும். மணமேடைக்குப் பின்னால் நிற்கிற ஏணியை குளோன் ஸ்டாம்பில் கையாலேயே எடுத்தேன். நேரம் பிடித்தது. ஆனால் பின்னால் இருந்த வாழைத்தண்டு வாழைத்தண்டாகவே இருக்கிறது.

இன்றைக்குக் கேட்டால் டெஸ்க்டாப்தான். வேறு பேச்சே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அரக்குப் புடவைப் பெண்ணின் அப்பா வந்தார். மிச்சப் பணம் கொடுத்தார், உட்காரவில்லை. போகும்போது வாசலில் நின்று, "ஒரு விஷயம்மா. படமெல்லாம் நெட்ல ஏத்திட மாட்டீங்கல்ல?" ஏத்த மாட்டோம் சார் என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. மனசு உறுத்துகிறது. தஞ்சாவூரில் நான் பார்த்ததெல்லாம் எங்கிருந்து வந்தது? சின்னதாக இருந்தாலும் சர்வர் வழியாகத்தான். அவர் கேட்டது ஃபேஸ்புக், இன்ஸ்டா. அது எனக்குத் தெரியும். இருந்தாலும். 2024 ஜூனில் அடோபி விதிமுறை மாற்றினபோது உலகம் முழுக்க போட்டோகிராபர்கள் கொதித்ததும், கஸ்டமர் படத்தை வைத்து ஜெனரேட்டிவ் ஏஐக்குப் பயிற்சி கொடுப்பதில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறது. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சரி. ஆனால் அந்த மனிதர் அவர்களை நம்பிக் கொடுக்கவில்லை, எங்களை நம்பிக் கொடுத்தார்.

மணப்பெண் ரூமில் எடுக்கிற படம், அலங்காரம், தலை பின்னுகிறது, அதெல்லாம் சின்க் கலெக்ஷனில் வரவே கூடாது. தம்பி ஒத்துக்கொண்டே ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. வரலட்சுமி விரதம்

பூஜை முடிய பன்னிரண்டு. சுண்டல் வாசனையோடு மாடிக்கு வந்து டார்க்டேபிள் இறக்கினேன். இலவசம், சந்தா இல்லை, கணக்குத் திறக்க வேண்டாம், நெட் வேண்டாம். 2009லிருந்து உலகத்து ஆட்கள் சேர்ந்து எழுதிக்கொண்டு வருகிற மென்பொருள். என் எக்ஸ்எம்பியைப் படிக்கிறதா பார்த்தேன். ஸ்டார் வந்தது, கிராப் வந்தது. கலர் வரவில்லை, அது வேறு கை.

முதலில் ஒன்றும் புரியவில்லை, எங்கே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. அழுகை வரும் போல. பிறகு கலர் ஈக்வலைசர் என்று ஒன்று கண்ணில் பட்டது. அரக்கைப் பிடித்து இழுத்தேன். வந்தது. லைட்ரூமை விட மெதுவாக, ஆனால் ஒழுங்காக வந்தது.

ஒரு சீசன் முழுக்க இதில் ஓட்ட எனக்கு இப்போது தெம்பு இல்லை. ஆனால் என்றைக்காவது சந்தாவை நிறுத்தினாலும் என் ராவைத் திறக்க ஒரு கதவு இருக்கிறது. அது தெரிந்ததே போதும். நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சிங்கப்பூரிலிருந்து போன். 2014ல் நாங்கள் எடுத்த கல்யாணம். ஆல்பம் ஈரம் ஏறி ஷீட்டெல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டதாம். "அக்கா, படம் இருக்குமா? இத்தன வருஷமாச்சு." இருக்கும்மா, பார்த்துச் சொல்றேன்.

2014 டிஸ்க் இரண்டு. முதலாவதை மாட்டினேன். டிக். டிக். டிக். சுற்றவில்லை. காது மடல் சூடாகிவிட்டது. இரண்டாவது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு லைட் எரிந்தது. ஃபோல்டர் வந்தது. ரா, பக்கத்திலேயே எக்ஸ்எம்பி, எல்லாம் வந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

ஹோமப் புகை படம் ஒன்று. அப்போது புகைக்குள் பெண்ணின் முகம் சாம்பலாகத்தான் வந்தது, அதற்கு மேல் எடுக்கத் தெரியவில்லை, எடுக்கிற கருவியும் இல்லை. இன்று முகத்துக்கு மட்டும் மாஸ்க், டிஹேஸ் கொஞ்சம், டினாய்ஸ். முகம் வந்தது. புகையும் இருக்கிறது. ரா இருந்ததால்தான். ஜேபெக் மட்டும் வைத்திருந்தால் சாம்பல் சாம்பல்தான்.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா? பதினோரு வருஷம் இந்தக் கல்யாணத்துக்கு மாசா மாசம் யாரு வாடகை கட்டியிருப்பா?" அவன் செத்த டிஸ்கைக் கையில் எடுத்தான். "ரெண்டும் டிக் டிக்னு சொல்லியிருந்தா?"

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விடிகாலை முழிப்பு. அவன் கேட்டதுதான். மூன்று காப்பி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்றாவது வேறு இடத்தில். டேட்டா பத்திரத்துக்கு எல்லோரும் சொல்கிற கணக்கு. நம்மிடம் இரண்டு காப்பி, இரண்டும் ஒரே பீரோவில், ஒரே தட்டில். வெள்ளமோ தீயோ வந்தால் சேர்ந்து போகும்.

வேறு இடம் என்றால் கிளவுடுதானா? தஞ்சாவூர் சித்தி வீட்டு இரும்பு பீரோவும் வேறு இடம்தான். சித்திக்குப் போன் பண்ணினேன். "டிஸ்குன்னா எவ்ளோ பெருசுடீ?" ஒரு டைரி அளவு சித்தி. "பட்டுப்பொடவ பக்கத்துல வச்சுக்கறேன். நாப்தலின் உருண்ட பட்டா ஒண்ணும் ஆகாதே?" உருண்டை வேண்டாம் என்றேன்.

கிளவுடுக்கு முடிந்த ஜேபெக் மட்டும் போகலாம். ஒரு கல்யாணத்துக்கு 600 படம், ஒன்று 10 எம்பி என்றாலும் 6 ஜிபிதான். அது தாங்கும். மணப்பெண் ரூம் படங்களைக் கழித்துவிட்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

தம்பியோடு உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது.

நான் சொன்னது: கிளாசிக் இருக்கும். ரா கிளவுடுக்குப் போகாது. 8 டிபி டிஸ்க் மூன்று, ஒன்று தஞ்சாவூருக்கு. 20 ஜிபி பிளானைத் தொடக்கூடாது. மண்டபத்திலிருந்து அவன் ஸ்மார்ட் பிரிவ்யூவில் செலக்ஷன் பண்ணட்டும், அன்றைக்கே வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்களுக்குப் பத்துப் பதினைந்து அவனே முடித்து அனுப்பட்டும். ஆல்பத்துக்குப் போகிற கலர் என் மானிட்டரில்தான்.

அவன் சொன்னது: கிளவுடு லைட்ரூமிலும் 2023லிருந்து லோக்கல் டிஸ்க் ஃபைலைத் திறந்து எடிட் பண்ணலாம், உனக்கு ஏன் இன்னும் கிளாசிக், அது கிழவன் மென்பொருள். நான் கேட்டேன், இத்தனை வருஷத்துக் கேட்டலாக்கில் யார், எந்த மண்டபம், எந்தத் தேதி என்று தேடினால் உடனே கொண்டுவந்து கொடுக்கிறதே, அதை அது செய்யுமா? பேசாமல் இருந்தான். பிறகு, "என் கல்யாணம் எடுக்கறச்ச என் இஷ்டத்துக்குத்தான் கலர்" என்றான். சரிடா.

ஒத்துக்கொண்டானா இல்லையா தெரியவில்லை. டிஸ்க் ஆர்டர் போட்டுவிட்டேன். பணம் போனதும் வயிற்றில் ஒரு பிசைவு. ஒரு வருஷச் சந்தாவை இதோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்தால் அதிகம்தான். ஒன்றை விட முடியவில்லை.

மணிக்கட்டுக்கு எலாஸ்டிக் பட்டை. இறுக்கமாக இருக்கிறது. அவிழ்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

டிஸ்க் வந்துவிட்டது. லேபிள் ஒட்டினேன்: ஆவணி 2025 அ, ஆவணி 2025 ஆ, தஞ்சாவூர். ஆனிக் கல்யாண ஆல்பங்கள் லேபுக்குப் போய்விட்டன, ஒன்றைத் தவிர. அரக்குப் புடவைக்கு டெஸ்ட் பிரிண்ட் வந்தது. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். அரக்கு அரக்காக இருக்கிறது. அம்மா வலது கண்ணால் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மஞ்சள் வச்சிருக்கலாம்." இடது கண்ணுக்குப் புரட்டாசியில் தேதி. அது முடிந்ததும் தினம் கடைக்கு வருகிறேன் என்கிறாள். வரட்டும். ஸ்கின் டோன் முழுக்க அவளிடம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறது.

சாயங்காலம் தம்பி மண்டபத்துக்குப் போய்விட்டான். ரிசப்ஷன். எட்டு மணிக்கு போன். "அக்கா, நீ போட்ட கலெக்ஷன் டேப்லெட்ல வரவே இல்ல." செல்லுலார் டேட்டாவை ஆன் பண்ணியிருக்கியாடா? பண்ணவில்லை. பண்ணினான். வருகிறது. "மேடைல ஊதா லைட்டுக்கா, மறுபடியும்." ஆபரேட்டரிடம் சொல்லி முகூர்த்தத்துக்காவது வெள்ளை போடச் சொல் என்றேன். கேட்பார்களா தெரியாது. ராவில் எடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.